சிவப்பு முள்

அடுப்பங்கரைத் தொட்டியில் ஜோயலின் காபி டம்ளர் கழுவாமல் கிடந்தது. அடியில் நுரைகூடக் காயவில்லை. அவனோ செங்கல்பட்டிலிருந்து வந்து அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான்.

"ஜாக்கு, காபி குடு."

"இன்னாங்க, இப்பதான குடிச்சீங்க?" மனைவி ஜாக்குலின் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "சக்கர கம்மின்னு வேற சொன்னீங்க."

"நா இப்பதான வண்டிய வுட்டேன்?"

"வெளாடாதீங்க. கொழந்த முழிச்சிக்கும்."

ஜோயல் காபிக்குச் சர்க்கரையே போட்டுக்கொள்வதில்லை. அது அவளுக்கும் தெரியும். அசதியில் உளறுகிறாள் என்று விட்டுவிட்டான்.

அவனுக்குக் கடிகாரக் கிறுக்கு. விமானிகளும் தேசம் தேசமாய்ச் சுற்றுகிறவர்களும் கட்டிய பழைய கைக்கடிகாரம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். போன சனிக்கிழமைதான் செங்கல்பட்டில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் சம்பத்திடம் ஒன்று வாங்கினான். மாமல்லபுரத்துக் கடலில் யாரோ வீசிய வலையில் வந்ததாம். கறுப்பு முகப்பு, மணி காட்ட இரண்டு முட்கள். வெள்ளை முள், ஆள் இப்போது இருக்கிற ஊரின் நேரம். சிவப்பு முள், அவன் சொந்த வீட்டின் நேரம். எந்தச் சீமையில் இறங்கினாலும் வீட்டில் இப்போது மணி என்ன என்று பார்த்துக்கொள்ளலாம்.

"நல்லா ஓடுது அண்ணாத்த," என்றான் சம்பத். "ஆனா அந்தச் செவப்பு முள்ளு எந்த ஊரு கணக்குலயும் வரல. வெச்சவன் வெச்ச மாதிரியே கீது. நா கை வெக்கல."

ஜோயலுக்கு ஒரு முள் தப்பாக நின்றால் தூக்கம் வராது. வாங்கியதும் தன் வீட்டு நேரத்துக்கு மாற்றிக் கட்டிக்கொள்வது சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் வழக்கம்தான். அன்றே நெம்மேலி வீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தின் பக்கத்திலிருந்த திருகைத் திருகி, சிவப்பு முள்ளை நம்மூர் நேரத்தில் நிறுத்தினான். உள்ளேயிருந்து லேசாக மண்ணெண்ணெய் வாடை வந்தது. பழைய எண்ணெயாக இருக்கும் என்று நினைத்தான்.

டம்ளருக்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. குளியலறையில் அவன் துண்டு நனைந்து, உப்புப் பூத்துத் தொங்கியது. கட்டிலில் அவன் படுக்கும் பக்கம் மட்டும் ஈர மணல். வீடெங்கும் மெல்லிய மண்ணெண்ணெய் வாடை. ஜாக்குலினுக்கு மட்டும் அது தெரியவில்லை. ஒருநாள் சோறு ஊட்டும்போது மகள் ஜெஸ்ஸி, "அப்பா, அந்தப் பாட்டு பாடு. வாய மூடிக்கினு பாடுவியே, அது," என்றாள். அவன் அவளுக்குப் பாடியதே இல்லை. இந்த இரண்டு பேரை விட்டால் அவனுக்கு உலகத்தில் யாரும் கிடையாது.

வியாழக்கிழமை சாயங்காலம் திருக்கழுக்குன்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடை ஓரம் ஒதுங்கி வீட்டுக்குப் போன் போட்டான்.

"ஜாக்கு, மழை. லேட்டாவும்."

"யாருங்க பேசறது?"

"ஏய், நாந்தாண்டி."

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. ஜோயலின் குரல். "யாரு ஜாக்கு?"

"தெர்ல. ராங் நம்பர் போல."

போன் அடங்கியது. அவன் மணிக்கட்டைப் பார்த்தான். சிவப்பு முள் அவன் வைத்த கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எவனோ ஒருவன், வீடு எங்கே என்று தெரியாமல் எத்தனை காலமாகவோ கடலுக்கடியில் கிடந்திருக்கிறான். இதோ, இதுதான் உன் வீடு என்று முள்ளை வைத்துக் காட்டிவிட்டான் ஜோயல். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. திருகை இழுத்தான். அசையவில்லை. வாரைப் பிடித்து இழுத்தான். தோலோடு ஒட்டியிருந்தது.

வண்டியை மழையிலேயே விரட்டினான். மாமல்லபுரம் போனது. சவுக்குத் தோப்பு போனது. நெம்மேலி.

வீட்டில் விளக்கு எரிந்தது. சாவி பூட்டில் திரும்பவில்லை. ஜன்னலுக்கு ஓடினான். ஜாக்குலின் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். சிரித்தாள். எதிரே அவன் லுங்கியைக் கட்டிக்கொண்டு ஒருவன் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மடியில் ஜெஸ்ஸி.

கண்ணாடியை ஓங்கி அடித்தான். சத்தம் வரவில்லை.

"ஜாக்கு."

அதுவும் வரவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தான். சிவப்பு முள் வீட்டு நேரம் காட்டியது. வெள்ளை முள் விலகியிருந்தது. வேறு ஏதோ ஊரின் நேரம்.

கால் சில்லிட்டது. குனிந்தான். நிறுத்திய வண்டி இல்லை. தெரு இல்லை. முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர். மண்ணெண்ணெய் நாறியது. பின்னால் இழுத்தது.

நிமிர்ந்தான். ஜன்னல் தள்ளிப் போயிருந்தது. இன்னும் தள்ளி.

ஜெஸ்ஸி அந்தத் தோளுக்கு மேலே எட்டி, நேராக அவனையே பார்த்தாள். வெளுத்து ஊறிப்போன ஒரு கை அவளது சின்னக் கையைப் பிடித்துத் தூக்கியது.

குழந்தை டாட்டா காட்டினாள்.