பலகையில் மூன்றாவது கை

பலகையில் எமோக்கே நிறுத்திய வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. கையெழுத்து அவளுடையதுதான். ஆனால் அவள் அதை எழுதவில்லை.

ஹங்கேரியின் ஆற்றங்கரை நகரமொன்றில், பல்கலைக்கழகத்தின் ஒரே அறையில் உட்கார்ந்து அவளும் ஜோம்போரும் பல வருடமாகப் பகா எண்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள். நடுவே ஒரு கரும்பலகை. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்வது அவர்கள் வழக்கம். ஆகவே ஜோம்போர்தான் விளையாடுகிறான் என்று நினைத்தாள்.

"என் கையெழுத்துல எழுதி என்னையே கிண்டல் பண்றியா?"

கசகசா ரொட்டியை மென்றபடி, பலகைப் பக்கமே திரும்பாமல் அவன் கேட்டான். "வரி சரியா இருக்கா, இல்லையா? அதைச் சொல்லு."

சரியாக இருந்தது. அவள் மாதக்கணக்கில் முட்டி மோதிய இடத்தை அது சுலபமாகத் தாண்டியிருந்தது. கணக்குக்காரர்களின் புத்தியே அப்படித்தான்: வரி சரியென்றால், எழுதியது யாரென்று கேட்கமாட்டார்கள். எமோக்கேயும் கேட்கவில்லை. கல்யாணம், தூக்கம் எல்லாவற்றையும் தள்ளிவைத்து அவள் காத்திருந்த நிரூபணமல்லவா அது! ஆசை கண்ணை மறைத்தது. அந்த வரிக்குக் கீழே தன் வரியை எழுதினாள். மறுநாள் காலையில் அதற்கும் பதில் இருந்தது.

கடைசி வரியும் வந்து சேர்ந்தபோது டிசம்பர். எல்லோர் முன்னிலையிலும் அவள் அதை விளக்கவேண்டிய நாளில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. ஈரக் கம்பளிக் கோட்டின் வாடையோடு அவள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததும் வாயிற்காவலர் ஃபெரென்ட்ஸ் நிமிர்ந்தார்.

"இப்பத்தானே மேல போனீங்க, டீச்சர்? எதையாவது மறந்துட்டீங்களா?"

மாடிப்படியில் ஏற ஏற, சூடேறிய குழாய்களின் டிக் டிக் ஓசைக்கு நடுவே சாக்பீஸ் பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. வேகமாக, இடையில் சற்று யோசித்து, மறுபடி வேகமாக, அவள் எழுதும் அதே தாளத்தில் கேட்டது.

கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். நிறைந்த அறை. பலகைமுன் ஒரு பெண், முதுகு காட்டி. அவளுடைய பச்சைச் சட்டை. அவளுடைய கூன்.

ஜோம்போர் வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

"யாருடா அது?"

"எமோக்கேதான்," என்றான். "பலகையில எழுதினது, நிரூபணத்துக்குப் பதிலா ஒரு ஆளோட இடத்தைக் கேட்டுச்சு. என் இடத்தைக் குடுக்க மனசு வரல. உன்னுதைக் குடுத்துட்டேன்."

"பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை..."

"கேட்டா குடுத்திருப்பியா?"

உள்ளே போனான். தாழ்ப்பாள் விழுந்தது.

கதவை ஓங்கி அடித்தாள். சத்தமே வரவில்லை. கண்ணாடியில் நிழலாடியதும் மாணவர்கள் நிமிர்ந்தார்கள். யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். குனிந்துகொண்டார்கள்.

வாயைத் திறந்து அலறினாள்.

அவள் குரல் அறைக்குள்ளிருந்து வந்தது. நிதானமாக, கனிவாக. "யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

முன்வரிசையில் ஜோம்போர் கைதட்டத் தொடங்கினான்.