வடமலையின் நிரந்தர வசிப்புரிமை

செங்குடியில் பொழுது விடிந்ததும் வடமலை முதலில் செய்யும் வேலை, குளியலறைச் சுவரில் பதித்திருக்கும் குழாயில் ஊதுவது. முந்தின நாள் அவன் எவ்வளவு காற்றை இழுத்தான் என்பதை நெஞ்செலும்புக்கு அடியில் இருக்கும் மின்சில்லு குறித்து வைத்திருக்கும். அவன் ஊதியதும் அது குழாயிடம் ஒப்பிக்கும். உடனே சம்பளத்திலிருந்து மூச்சுவரி கழிந்துவிடும். செவ்வாயில் காற்று என்பது ஆலையில் தயாரித்து வீடுவீடாக அனுப்பும் சரக்கு. அங்கேயே பிறந்தவர்களுக்கு அது இலவசம். பிழைக்க வந்த வெளிக்கோளாருக்கு இரட்டை வரி.

அதனால் வடமலை படியேற மாட்டான். சிரிப்பு வந்தால் உதட்டோடு நிறுத்திக்கொள்வான். அவன் மனைவி உமையாளோ செங்குடியிலேயே பிறந்தவள். காப்பி கலக்கும்போதே தொண்டை கிழியப் பாடுவாள்.

"கொஞ்சம் மெதுவாப் பாடேன், உமை. கேக்குறப்ப எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு."

"என் காத்து, நான் பாடுறேன். உனக்கென்ன மலை?"

கணவனைப் பெயர் சொல்லி, அதையும் பாதியாக வெட்டிக் கூப்பிடுவது செவ்வாய் வழக்கம். கோவில்பட்டியிலிருந்து பனிச்சுரங்கத்துப் பம்புகளைப் பழுதுபார்க்க வந்தவன் அவன். தக்காளிக் கூடத்தை மேற்பார்வை பார்த்தவள் அவள். அங்கே தண்ணீர் நின்றுபோன ஒரு நாளில் பம்போடு சேர்த்து இவனையும் திட்டினாள். திட்டு காதலாகிக் கல்யாணத்தில் முடிந்தது.

கல்யாணம் ஆனதால் வரி குறையவில்லை. கிடைத்தது துணைவர் விசா. இதற்கு நடுவில் பூமியின் வரித்துறை வேறு, எந்தக் கோளில் மூச்சு விட்டாலும் நீ எங்கள் ஆள்தான் என்று தன் பங்கை வாங்கிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம்கூட அவன் பொறுத்துக்கொண்டான். போன புழுதிக்காலத்தில் உமையாள் நுரையீரல் காய்ச்சலில் படுத்ததைத்தான் தாங்க முடியவில்லை. மருத்துவமனை வாசலில் குடிவரவுத் துறை இயந்திரம் ஒன்று வந்து நின்றது. துணைவி காலமானால் துணைவர் விசாவும் அன்றே காலாவதியாகும், அடுத்த கப்பலில் அவன் கிளம்ப வேண்டும் என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டுப் போனது. அவள் பிழைக்க வேண்டும் என்று அவன் வேண்டாத தெய்வம் இல்லை. அந்த வேண்டுதலில் விசாவுக்கும் ஒரு பங்கு இருந்தது என்பது தெரிந்தபோது அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்த அன்றே நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தான். அதன்பின் சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அந்த விதிகளையே படித்துக்கொண்டிருந்தான்.

ஒருவழியாக அழைப்பு வந்தது. குடிவரவு அலுவலகத்தில் இயந்திர அதிகாரி எழுந்து நின்று வரவேற்றது.

"வாழ்த்துகள், திரு. வடமலை. இனி மூச்சுவரி கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை. பூமியின் வசிப்புரிமையைத் தாங்கள் துறக்க வேண்டும். சம்மதமா?"

மணிக்கட்டின் தோலுக்கடியில் பூமியின் வசிப்புரிமைச் சில்லு பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. கரிசல் மண்ணில் முதல் மழை விழும் வாசனை அவனுக்கு நினைவு வந்தது. கூடவே மருத்துவமனை வாசலும் நினைவு வந்தது.

"சம்மதம்" என்றான். எறும்பு கடித்தாற்போல் ஒரு சுருக். பச்சை அணைந்தது.

வெளியே வந்து, பல வருடங்களுக்குப் பின் முதல்முறையாக, விலா எலும்பு வலிக்கும்வரை மூச்சை இழுத்தான். படிகளில் ஓடியே ஏறினான்.

வீட்டில் உமையாள் கேசரி கிண்டி வைத்திருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சா?" என்றான் மூச்சிரைக்க.

"எனக்கு வந்ததே போன வாரம்தானே. ஒரு நல்ல நாளாப் பாத்துச் சொல்லலாம்னு இருந்தேன்." அவள் மணிக்கட்டை நீட்டினாள். தோலுக்கடியில் பச்சை மின்னியது. "பூமியோட நிரந்தர வசிப்புரிமை! பூமிக்காரனோட பொண்டாட்டிங்கிற கணக்குல."

வடமலை அந்தப் பச்சையைக் குனிந்து பார்த்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!"

"சொன்னேன். போன மாசம், சாப்பிடும்போது. நீ தலையாட்டின. உன் காதுல இருக்கிற சில்லு அதை என் விண்ணப்பத்துக்கு உன் சம்மதமாப் பதிஞ்சு அனுப்பிருச்சு."

"நான் விதிகளைப் படிச்சுக்கிட்டு இருந்திருப்பேன், உமை! எதுக்குத் தலையாட்டுனேன்னு யாருக்குத் தெரியும்?"

"என்னையக் கேட்டா?"

"சரி, உனக்கு எதுக்கு பூமி? இங்க உனக்குக் காத்துகூட இலவசம்."

அவள் குரல் இறங்கியது. "கதவைத் தொறந்தா அப்படியே வெளிய போகணும், மலை. தலைக்கவசம் மாட்டாம. ஒரே ஒரு தடவையாவது. காய்ச்சல்ல கெடந்தப்ப அதை மட்டும்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவன் தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான். அவள் அதைத் தடவிப் பார்த்தாள். இரண்டு முறை தட்டியும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"பரவால்ல. உனக்கு நான் விண்ணப்பம் போடுறேன்."

மறுநாள் இருவரும் பூமித் தூதரகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் இருந்த இயந்திர அதிகாரிக்கும் குடிவரவு அதிகாரிக்கும் ஒரே முகம். சட்டையின் நிறம் மட்டும் வேறு.

"அம்மா, தாங்கள் எப்போது வேண்டுமானாலும் புறப்படலாம். பூமி தங்களுடையது" என்று உமையாளிடம் குழைந்தது. வடமலையின் பக்கம் திரும்பியதும் குரல் விறைத்துக்கொண்டது. "வெளிக்கோள் துணைவர். வரிசை நீளம், காத்திருக்க வேண்டியிருக்கும். போய்ச் சேர்ந்ததும் எடைவரி உண்டு. பூமியின் ஈர்ப்பைப் பயன்படுத்துவதற்கான கட்டணம். அதற்கு முன் உள்ளூர் மொழித் தேர்வு எழுத வேண்டும். எந்த ஊரில் தங்க உத்தேசம்?"

"கோவில்பட்டி."

"அங்கே பேசும் மொழி தமிழ். தொடக்கநிலை வகுப்புக்குப் பதிவு செய்யட்டுமா?"

"நான் பேசிக்கிட்டு இருக்கிறதே தமிழ்தாங்க. நான் பொறந்ததே கோவில்பட்டி."

"முன்பு எங்கே பிறந்தீர்கள் என்ற கேள்வி படிவத்தில் இல்லை" என்றது அதிகாரி. "கடைசிக் கேள்வி. வெளியாட்கள் வந்தால் ஊர் வழக்கம் கெட்டுவிடுகிறது என்று கோவில்பட்டியில் புகார் இருக்கிறது. தங்கள் நடத்தைக்குப் பொறுப்பேற்க ஊரை நன்றாக அறிந்த உள்ளூர்வாசி ஒருவர் வேண்டும். யாராவது உண்டா?"

வடமலை திரும்பி மனைவியைப் பார்த்தான். வாழ்நாளில் ஒரு சொட்டு மழையைக்கூடக் கண்டிராத உமையாள், பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கையைத் தூக்கினாள்.

"நான்தான்."