பின்சுவரின் சூடு

எல்லைக்காணிக் கருவி தீர்ப்புச் சொல்லிவிட்டது. நெய்தல் குளிர்கிடங்கின் நான்காம் அறையில் எட்டு டன் சூரை மீன் கெட்டுப்போனதற்குக் காரணம், செவ்வாய்க்கிழமை பகலில் கதவு மூன்று மணி நேரம் திறந்து கிடந்ததுதான். கதவுக்குப் பொறுப்பு சூசை மிக்கேல். வெள்ளிக்கிழமை விசாரணையில் அவருடைய தொழில் அட்டை ரத்தாகிவிடும். அதன் பிறகு தூத்துக்குடியில் மட்டுமல்ல, எந்தத் துறைமுகத்திலும் அவருக்கு வேலை கிடையாது.

மிக்கேல் தீர்ப்புத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அப்படி யாரும் அடம்பிடிப்பதில்லை. அதனால், எல்லைக்காணியின் கணக்கை எழுதிய நவமணியைச் சென்னையிலிருந்து வரவழைத்தார்கள்.

2071-இல் ‘இதைச் செய்தது யார்?’ என்று மனிதர்களைக் கேட்கும் வழக்கம் போய்விட்டது. வெளியே வெயில் அடித்தால் உள்ளே எவ்வளவு சுடும் என்பது பழைய கணக்கு. உள்ளே இவ்வளவு சுட்டிருக்கிறது, வெளியே என்ன நடந்திருக்கும் என்பது எல்லைக்காணியின் கணக்கு. அறைக்குள் பன்னிரண்டு வெப்பமானிகளைப் புதைத்துவிட்டால் போதும். அறையின் எல்லையில், அதாவது சுவர்களிலும் கதவிலும், நடந்ததையெல்லாம் பின்னோக்கிக் கணக்கிட்டுச் சொல்லிவிடும். வீட்டில் குளிர்பெட்டியைத் திறந்துவைத்தது கணவனா மனைவியா என்ற சண்டைகூட இப்போது கிடையாது.

“நான் கதவ மூடித்தான் வச்சிருந்தேன் மேடம்,” என்றார் மிக்கேல். குரலில் கோபமில்லை. சொல்லிச் சொல்லிச் சலித்திருந்தார்.

“வேற ஏதாவது கவனிச்சீங்களா?”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “பின்சொவரு வெதுவெதுன்னு இருக்கும். குளிரு தாங்கலன்னா நாங்க எல்லாரும் அங்கதான் போயி முதுகச் சாச்சுக்கிட்டு நிப்போம். செவ்வாக்கெழம கொஞ்சம் கூடுதல் சூடு.”

“இத ஏன் முன்னாடியே சொல்லல?”

“ஆருகிட்டச் சொல்ல? மெசின்ல நாம பேசுறதுக்கு எடமே இல்லயே.”

நவமணிக்குச் சுருக்கென்றது. அந்த இடத்தை வைக்காமல் விட்டவளே அவள்தான்.

கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, தன் அட்டையால் கதவைத் திறந்து உள்ளே போனாள். போனதும் கதவைச் சாத்தினாள். மற்ற சுவர்களில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்க, பின்சுவரில் மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு ஈரம் வழிந்தது. வெளியே வந்து, கதவை மறுபடி சாத்திவிட்டு, சுற்றிப் போய்ப் பார்த்தாள். அந்தச் சுவரின் மறுபக்கத்தில் எல்லைக்காணியின் கணிப்பெட்டியே நின்றது. மின்வடம் இழுப்பதற்காக யாரோ சுவரின் வெப்பக்காப்பை வெட்டி எடுத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை துறைமுகம் முழுவதற்குமான மாதக் கணக்கை அந்தப் பெட்டிதான் போட்டது.

பன்னிரண்டு வெப்பமானிகளை வைத்து அறையின் ஆறு பக்கத்திலும் நடந்ததைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே வெப்ப அளவுக்கு ஆயிரம் காரணம் பொருந்தும். அதனால் இருபத்தாறு வயதில் நவமணி ஒரு வரி எழுதினாள்: சுவர்கள் தவறு செய்யாது, கதவு மட்டுமே மாறும். பிறகு கருவியைச் சோதித்தார்கள். சோதனைக்கான அளவுகளையும் அதே மென்பொருளே, அதே தவறு செய்யாத சுவர்களோடு, தயாரித்துக் கொடுத்தது. தானே கேள்வித்தாள் எழுதித் தானே விடை எழுதிய கருவி நூற்றுக்கு நூறு வாங்கியது. அன்று எல்லோரும் கேக் வெட்டினார்கள்.

இப்போது அவள் கணக்கின் நகல் ஒன்றில் அந்த வரியை நீக்கி, ஆறு பக்கமும் மாறலாம் என்று அவிழ்த்துவிட்டு ஓடவிட்டாள். பெரிய கணக்கு. பெட்டி காலையிலிருந்து மாலைவரை மூச்சிரைத்தது. வந்த விடை: கதவாகவும் இருக்கலாம், பின்சுவராகவும் இருக்கலாம், இரண்டும் ஒரே அளவுக்குப் பொருந்துகின்றன. மிக்கேலைக் காப்பாற்ற அது போதும் என்று நவமணி மனசார மகிழ்ந்தாள்.

மறுநாள் காலை மேலாளர் பொன்சேகர் எல்லைக்காணி கொடுத்த ஒரு தாளை அவள் முன்னால் வைத்தார். முகத்தில் தர்மசங்கடம்.

“நாலாம் ரூம்ல நேத்து விடியக்காலையில வச்ச வாவல் மீனு ரெண்டு டன்னும் போச்சு மேடம். கதவு நேத்துப் பகல் பூரா ஒருக்களிச்சுக் கெடந்திருக்கு. கடைசியா உள்ள போன அட்டை... ஒங்களோடது.”

நவமணிக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது, அடுத்த கணம் எழுந்துவிட்டாள். “சார், நேத்து நான் ஓட்டின கணக்குதான் பெட்டியச் சூடாக்கியிருக்கு. அந்தச் சூடுதான் சுவர் வழியா உள்ள போயிருக்கு. வந்து தொட்டுப் பாருங்க!”

“தொட்டுப் பாத்தேன். ஈரமாத்தான் இருக்கு. கதவு தெறந்திருந்தா ஈரமாத்தானே இருக்கும்?”

“நேத்து வந்த விடைய எடுத்துப் பாருங்க. பின்சுவராவும் இருக்கலாம்னு வந்திருக்கே!”

“படிவத்துல காரணம்னு ஒரு கட்டம்தான் இருக்கு, ரெண்டு காரணம் எழுத முடியாது. அதுவுமில்லாம...” பொன்சேகர் குரலைத் தாழ்த்தினார். “குத்தம் சாட்டப்பட்டவங்க போட்ட கணக்க ஏத்துக்கக்கூடாதுன்னு விதி இருக்கு. மிக்கேல் விசயத்துலயும் இனிமே ஒங்க கணக்கு செல்லாது. எனக்கும் வருத்தம்தான் மேடம்.”

வெள்ளிக்கிழமை விசாரணை அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தன்னால் இந்த மனிதருக்கு இருந்த ஒரு வாய்ப்பும் போயிற்றே என்று நவமணிக்கு அவமானமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கக் கூசினாள்.

“விடுங்க மேடம்,” என்றார் மிக்கேல். “நீங்க கதவச் சாத்தினத நான் பாத்தேன். நான் வேணா உள்ள வந்து சொல்லுதேன்.”

“கேட்டுக்க மாட்டாங்க அண்ணே.”

“அது தெரியும்.” மிக்கேல் அவள் பக்கம் திரும்பினார். “இந்த மெசினு இதுவரைக்கும் எத்தன பேரு மேல இப்பிடிச் சொல்லியிருக்கும்?”

அந்த எண் நவமணிக்கு மனப்பாடம். விளம்பரத்துக்கு அதை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். “நாப்பத்திரெண்டாயிரம் பேருக்கு மேல.”

“அதுல எத்தன பேரு கதவ மூடித்தான் வச்சிருந்திருப்பாங்க?”

நவமணி யோசித்தாள். எந்தக் கருவியிலும் அதற்கு விடை இல்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது: நாற்பத்திரண்டாயிரம் பேரையும் தேடிப் போய், ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்.