கண்ணாடிச் சட்டத்துக்குள் மூன்று துளைகள்

1994 ஒக்ரோபர் மாதம், ஒரு ஞாயிறு மத்தியானம். ஜெர்மன் பேசும் ஊரான ஓஸ்டர்முண்டிகனில் யேசுதாசனின் வீட்டு மணியை அடித்த ஜெகதீஸ்வரன், கதவு திறந்ததும் பழக்கதோசத்தில் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டிவிட்டார். 'செ. ஜெகதீஸ்வரன், உணவக முகாமையாளர்' என்று தங்க எழுத்தில் அச்சடித்த அட்டை. இன்றைக்கு அதைக் கொடுத்திருக்கக் கூடாது என்பது நீட்டிய பிறகுதான் உறைத்தது. திருப்பிக் கேட்கவும் வாய் வரவில்லை.

யேசுதாசன் மன்னார்க்காரர். ஊரில் நில அளவைத் திணைக்களத்தின் தொலைநோக்கிக் கருவிகளைத் திருத்தியவர். இங்கே கிழமை நாட்களில் ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களையும் சனிக்கிழமைகளில் துப்பாக்கி சுட்டுப் பழகும் சுடுதிடலையும் துப்புரவாக்குபவர். தமிழர் வீடுகளில் காணாமல் போனவற்றை அலட்டிக்கொள்ளாமல் கண்டுபிடித்துக் கொடுப்பார் என்று பெயர். அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியவர் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்யும் பாலேந்திரன். துப்பறிபவரின் உதவியாளர் என்றால் நீள மழைக்கோட்டு வேண்டும் என்பது அவர் கொள்கை. வீட்டுக்குள்ளும் கழற்றமாட்டார்.

"இருங்கோ. என்ன நடந்தது?" என்றார் யேசுதாசன்.

"என்ர உணவகத்தில..." என்று தொடங்கிய ஜெகதீஸ்வரன், "நான் வேலை செய்யிற உணவகத்தில" என்று திருத்திக்கொண்டார்.

அவருடைய முதலாளி ஹெர் ஏபர்சோல்ட் பெரிய வேட்டைக்காரர். ஊருக்கு அதைச் சொல்லிக்கொண்டிருப்பவரும் அவரேதான். இந்த வருடம் தன் துவக்குக்குப் போத்தல் அளவில் ஒரு தொலைநோக்கி வாங்கிப் பூட்டினார். நேற்றுக் காலை ஊராட்சித் தலைவரையும் எட்டு விருந்தாளிகளையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார். எண்பது மீற்றரில் ஒரு மான் அசையாமல் நின்றது. முதலாளி சுட்டார். மான் நிமிர்ந்து பார்த்தது, பிறகு ஆறுதலாக நடந்து போய்விட்டது.

"திரும்பி வந்து எல்லாருக்கும் முன்னால என்னைக் கைகாட்டினார், அண்ணை. துவக்குப் பெட்டியைக் காருக்குக் கொண்டுபோகேக்க நான் கீழ போட்டுட்டனாம், அதில குறி மாறிட்டுதாம். ரெண்டு கிழமைக்கு முன்னம் தானே சுட்டுக் குறி சரிபார்த்தவராம், மூண்டு குண்டும் நடுவிலயாம். அந்தக் கடதாசியைச் சட்டம் போட்டுச் சுவரில கொழுவி வச்சிருக்கிறார். மாசக் கடைசியோட வேலை முடிஞ்சுதெண்டிட்டார். அடுத்த மாசம் என்ர வதிவிடப் பெர்மிற் முடியுது. வேலைக் கடிதம் இல்லாட்டி அதுவும் போச்சு."

"போட்டனீங்களோ?"

"பிள்ளையாராணை இல்லை. ஆனா..."

"ஆனா?"

"ஒண்டுமில்லை."

பாலேந்திரன் குறிப்புப் புத்தகத்தில் 'ஆனா' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். "அதுசரி, மனேச்சர் ஏன் துவக்குப் பெட்டி தூக்கினவர்?"

ஜெகதீஸ்வரனின் காது சூடேறியது. மடியில் கிடந்த கைகளை ஒன்றுக்குள் ஒன்று ஒளித்தார். காலையில் மனைவியின் கிறீமை அள்ளிப் பூசியும் விரல் வெடிப்புகள் மறையவில்லை. கிறீமின் ரோசா மணம்தான் அறை முழுவதும் நின்றது. யேசுதாசன் அந்தக் கைகளை ஒரு தரம் பார்த்தார்.

"பாலன், தேத்தண்ணியைப் போடு. நாளைக்குக் காலமை வேலை முடிய நாங்கள் மூண்டு பேரும் போவம்."

திங்கட்கிழமை உணவகத்துக்கு ஓய்வுநாள். ஜெகதீஸ்வரன் இருவரையும் மிடுக்காக முன்வாசலுக்குக் கூட்டிப்போனார். கதவு பூட்டியிருந்தது. திறப்பு அவரிடம் இல்லை. மூன்று வருடத்தில் அந்த வாசலால் அவர் ஒருநாளும் போனதில்லை. குப்பைத் தொட்டிகளைச் சுற்றிப் பின்வாசலுக்கு வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஓர் ஆணியில் றப்பர் ஏப்ரன் தொங்கியது, கீழே றப்பர் சப்பாத்து நின்றது. இரண்டிலும் கறுப்பு மையில் பெயர்.

"ஜெ... கா," என்று பாலேந்திரன் உரக்க வாசித்தார். "இது ஆற்ற ஏப்ரன், அண்ணை?"

பக்கத்தில் கழுவாத பெரிய சட்டிகள் ஜெகதீஸ்வரனுக்காகவே காத்திருந்தன. தரை பிளந்தால் நல்லது என்றிருந்தது அவருக்கு. கூட்டிக் கழுவிய தரைதான், பிளக்கவில்லை. பாலேந்திரன் புத்தகத்தை மூடி மழைக்கோட்டுப் பைக்குள் வைத்தார். அன்றுதான் அவர் ஒரு துப்பை எழுதாமல் விட்டது.

ஹெர் ஏபர்சோல்ட் பதினான்கு மான் தலைகளுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். வலது புருவத்தில் பெரிய பிளாஸ்ரர். அதன் கீழ் விளிம்பால் பிறை வடிவில் ஊதா நிறக் கண்டல் எட்டிப் பார்த்தது.

"காயமோ?" என்று யேசுதாசன் நிதானமான ஜெர்மன் மொழியில் விசாரித்தார்.

"சனிக்கிழமை, வேட்டையால் வந்த பிறகு. நிலவறைக் கதவு நெற்றியில் அடித்துவிட்டது," என்றார் ஏபர்சோல்ட். துவக்கைப் பார்க்கலாமா என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. குண்டு இல்லை என்று காட்டிவிட்டு மேசையில் கிடத்தினார். "இதனால் பார்த்தால் சந்திரனில் எலி ஓடினாலும் தெரியும். கடைக்காரன் இதில் பாதி அளவுள்ளதை எடுக்கச் சொன்னான். தானே பூட்டி, சுட்டுச் சரிபார்த்துத் தருகிறேன் என்றும் சொன்னான். முப்பது வருட வேட்டைக்காரனிடம்! நானே ஒரு பின்னேரத்தில் பூட்டினேன்."

"பூட்டிய பிறகு அசைத்தீர்களா?"

"ஒரு மயிரளவும் இல்லை. அப்படியே சுடுதிடலுக்குக் கொண்டுபோனேன். மூன்று குண்டு. அங்கே பாருங்கள்."

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வட்டங்கள் போட்ட இலக்குக் கடதாசி தொங்கியது. நடுவில் மூன்று துளைகள். யேசுதாசன் அதன் முன் தலையைச் சாய்த்து வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, தொலைநோக்கியைத் துவக்கோடு பிடித்திருந்த இரண்டு வளையங்களையும் கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தார். கடைசியாக ஏபர்சோல்டின் வயிற்றைப் பார்த்தார். இடைப்பட்டியின் நுனிப்பக்கம் புதிதாக இரண்டு துளைகள் போட்டிருந்தது.

"நல்ல துளைகள். எதனால் போட்டீர்கள்?"

"பட்டிக்கா? அலுவலக அறையில் துளைக் குறடு இருக்கிறது. ஏன்?"

"சொல்கிறேன்," என்று யேசுதாசன் கதிரையை இழுத்துப் போட்டார். "இந்தத் தொலைநோக்கியை அளவுக்கு மீறிப் பின்னுக்குப் பூட்டியிருக்கிறது. கண்ணுக்கும் அதற்கும் நாலு விரலாவது இடைவெளி வேண்டும். இதில் இரண்டுகூட இல்லை. சுட்டதும் துவக்கு பின்னால் உதைக்கும். இந்த வட்ட விளிம்பு சுட்டவரின் புருவத்தில் இடிக்கும். காயம் பிறை வடிவில் வரும்."

ஏபர்சோல்டின் கை தானாகவே புருவத்துக்குப் போனது. "இது நிலவறைக் கதவு!"

ஜெகதீஸ்வரனுக்கு ஒன்று தெரியும். சொன்னால் அது எப்படித் தெரியும் என்பதும் வெளியே வந்துவிடும். பாலேந்திரன் ஓஸ்டர்முண்டிகன் முழுவதும் வாய் உள்ளவர்.

"நிலவறைக் கதவு நெத்தியில அடிக்காது," என்று தமிழில் தொடங்கி, பிறகு ஜெர்மன் மொழிக்கு மாறினார். "அது பக்கமாகத் தள்ளுகிற கதவு, முதலாளி. எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நாற்பது தரம் அதனால் கிழங்கு மூட்டை தூக்கிக்கொண்டு ஏறுகிறவன் நான். வெள்ளிக்கிழமை உங்கள் நெற்றியில் ஒன்றும் இருக்கவில்லை. சனிக்கிழமை காட்டால் வரும்போதே நெற்றியில் கைலேஞ்சியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தீர்கள்."

யேசுதாசன் தலையசைத்தார். "காட்டில் சுட்ட ஒரு குண்டுக்கே இந்தக் காயம். அதே பூட்டலோடு இரண்டு கிழமைக்கு முன் மூன்று குண்டு சுட்டவரின் நெற்றி மட்டும் எப்படி வழுவழுவென்று இருந்தது?"

"இவன் கீழே போட்டபோதுதான் அது பின்னுக்கு வழுக்கியிருக்கும்!"

"வழுக்கியிருந்தால் வளையம் குழாயைக் கீறியிருக்கும். ஒரு கீறலும் இல்லை. இனிக் கடதாசிக்கு வருவோம். நான் சனிக்கிழமைகளில் சுடுதிடலைக் கூட்டுகிறவன். குண்டு போன துளையின் ஓரம் கிழிந்திருக்கும், சுற்றிவரச் சாம்பல் கறை இருக்கும். உங்களுடைய துளைகள் பட்டியில் உள்ளவை போலத் துப்புரவானவை. கடதாசிக்கு நட்டநடுவே ஒரு மடிப்பும் தெரிகிறது. குறட்டின் வாய் நடுப்பகுதி வரை எட்டாது, மடித்தால்தான் எட்டும். ஒரு துளை சரியாக மடிப்பின் மேல். மற்ற இரண்டும் அதற்கு இரு பக்கமும் வண்ணத்துப்பூச்சியின் செட்டை மாதிரி ஒரே தூரத்தில். மடித்த கடதாசியில் ஒரு தரம் குத்தினால் இரண்டு துளை வரும்."

அவர் கதிரையை முதலாளியின் பக்கம் திருப்பினார்.

"மூன்று குண்டு என்று ஊருக்குச் சொன்னீர்கள், ஹெர் ஏபர்சோல்ட். நீங்கள் குத்தியதே இரண்டு தரம்தான். இந்தத் துவக்கு, தொலைநோக்கி பூட்டிய பிறகு, சுடுதிடலைக் காணவேயில்லை. குறி சரிபார்க்காத துவக்கு குறி தவறியதில் யாருடைய பிழையும் இல்லை, பூட்டியவருடையதைத் தவிர."

பதினான்கு மான் தலைகளும் முதலாளியைப் பார்ப்பது போலிருந்தது. அவருடைய கழுத்து சிவந்தது, பிறகு காது, பிறகு பிளாஸ்ரரைச் சுற்றிய இடம். ஜெகதீஸ்வரனுக்கு அந்தச் சிவப்பு நன்றாகத் தெரிந்த சிவப்பு. சந்தோசப்பட வேண்டிய நேரம். ஏனோ பார்க்கக் கூசியது.

"தொலைநோக்கி புதிதென்று எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்," என்றார் ஏபர்சோல்ட், மிகச் சின்னக் குரலில். "எப்படிச் சுடுகிறது, எப்படிச் சுடுகிறது என்று. திடலில் தவறவிட்டால் எல்லோரும் பார்ப்பார்களே." பிறகு குரலைச் செருமிக்கொண்டார். "இது நம் நாலு பேருக்குள் இருக்கட்டும். ஜெகா, வேலை உனக்குத்தான். பெர்மிற்றுக்குக் கடிதமும் தருகிறேன். முகாமையாளர் என்றே எழுதித் தருகிறேன். சம்மதமா?"

"எடுங்கோ அண்ணை!" என்று பாலேந்திரன் முழங்கையால் இடித்தார். "உங்கட கார்ட்டும் உண்மையாப் போயிடும்!"

யேசுதாசன் நேற்று வாங்கிய அட்டையைப் பையிலிருந்து எடுத்து, தங்க எழுத்துப் பக்கத்தைக் குப்புறக் கவிழ்த்து மேசையில் வைத்தார். 

ஜெகதீஸ்வரன் அட்டையைப் பார்த்தார், சுவரில் தொங்கிய சட்டத்தையும் பார்த்தார். துளைக் குறடு இல்லாமலே தானும் அப்படியொரு பொய்யைச் செய்து கொழுவித்தான் வைத்திருந்தார்.

"பாத்திரம் கழுவுபவர் என்று எழுதுங்கள், முதலாளி," என்றார். "துவக்கை விழுத்தவில்லை என்றும் எழுதுங்கள். கையெழுத்து வடிவாக வையுங்கள். ஊராட்சித் தலைவருக்கும் அதையே சொல்லுங்கள்."

கடிதம் எழுத ஐந்து நிமிடம் ஆனது. சட்டத்தை ஏபர்சோல்ட் தன் கையாலேயே கழற்றினார். அது தொங்கிய இடத்தில் சுவர் வெளிறிச் சதுரமாகத் தெரிந்தது. வாசலில் நின்று, "தொலைநோக்கியை எவ்வளவு முன்னுக்குத் தள்ளவேண்டும்?" என்று மெல்லக் கேட்டார்.

"கடைக்காரரிடம் கொண்டுபோங்கள்," என்றார் யேசுதாசன். "அந்தச் சின்னது இன்னும் இருக்கிறதா என்றும் கேளுங்கள்."

பின்னேரம் வீட்டில், ஜெகதீஸ்வரன் கடிதத்தை மனைவி நிரஞ்சினியிடம் நீட்டிவிட்டு யன்னலைப் பார்த்து நின்றார். மூன்று வருடமாக அவளிடமும் அவர் முகாமையாளர்தான். அவள் வாசித்து முடித்து, மடித்து, பெர்மிற் பைலுக்குள் வைத்தாள்.

"கோவமோ?" என்றார் அவர்.

"ஏன் கோவம்?" நிரஞ்சினி குளியலறைக்குப் போய் கிறீம் ரியூப்பை எடுத்துவந்தாள். முக்கால்வாசி தீர்ந்திருந்தது. அவருடைய கையைப் பிடித்து விரித்து, வெடித்த விரல்களில் ஒவ்வொன்றாகப் பூசத் தொடங்கினாள்.

"எனக்கு ரோசா மணமே பிடிக்காது," என்றாள். "மூண்டு வருசமா இதை ஆருக்கெண்டு வாங்கி வைக்கிறன் எண்டு நினைச்சனீங்கள்?"