இறங்கியாச்சு

வண்டியை விட்டு இறங்கியதும் கூரையில் இரண்டு தட்டுத் தட்டி "இறங்கியாச்சு" என்று சொல்ல வேண்டும். காய்கறிப் பையும் கைக்குழந்தையுமாக இறங்குகிறவர்கள்கூட இடுப்பால் ஓர் இடி இடித்துச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். சொன்னால்தான் வண்டியைப் பொறுத்தவரை அவருடைய பயணம் முடியும். பூங்கோதை எங்கள் பட்டறை வாசலில் இறங்கியபோது சொல்லவில்லை. மறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொல்லிமலை அடிவாரத்தில் காரவள்ளியில் இருக்கிறது பட்டறை. நானும் சம்சுதீனும் கூட்டு. பெட்ரோல் வண்டிகளைத் தொடுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் நாங்கள் மட்டும்தான். பூங்கோதை கொண்டுவந்தது கைமாறி வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு, இரண்டே இருக்கை.

"ஆயில் ரொம்பக் குடிக்குதுங்கண்ணா. ஊத்த ஊத்தக் காணாமப் போகுது. வெள்ளிக்கிழமை புகைத் தணிக்கை வேற."

தணிக்கையில் நீலப்புகை வந்தால் வண்டியை நசுக்கிவிடுவார்கள், அதன் ஓட்டுநிழலோடு சேர்த்து. மனிதர்கள் ஓட்டுவதைச் சட்டம் நிறுத்துவதற்கு முன், ஒவ்வொரு வண்டியும் தன்னை ஓட்டியவரின் கையையும் காலையும் படித்து வைத்துக்கொண்டது. அதுதான் ஓட்டுநிழல். இப்போது வண்டிகளை ஓட்டுவது அதுதான். ஓட்டியவர் இருந்தாலும் போய்ச் சேர்ந்துவிட்டாலும் நிழல் ஓட்டும்.

முதலில் அடியில் படுத்துப் பார்த்தேன், கசிவு இல்லை. கம்ப்ரெஷன் எல்லாச் சிலிண்டரிலும் சரியாக இருந்தது. பிஸ்டன் ரிங்கில் குறையில்லை. ஒன்று மட்டும் உறுத்தியது. இவ்வளவு ஓடியும் பிரேக் கட்டைகள் தேயவே இல்லை.

ஆயிலை நிரப்பி, நான் மட்டும் ஏறி, சேந்தமங்கலம் வரை போய்த் திரும்பினேன். துளி குறையவில்லை.

"வண்டிக்கு ஒரு நோவும் இல்ல," என்றான் சம்சுதீன். "அந்தம்மா சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வண்டிக்கே எண்ணெய் தேச்சு விடுறாங்க போல."

மறுநாள் பூங்கோதையை ஏற்றி அதே சாலையில் அனுப்பிவிட்டு, இன்னொரு வண்டியில் பின்னால் போனேன். இருபுறமும் மரவள்ளிக் காடு, நடுவே நூல் பிடித்தாற்போல் சாலை. அந்த நேர்ச்சாலையில் சிவப்பு வண்டி திடீரென்று கியரை இறக்கியது. எஞ்சின் ஊளையிட்டது. வேகம் செத்து, ஊர்ந்து, மறுபடி எடுத்தபோது பின்னால் நீலப்புகை. சற்றுத் தள்ளி மறுபடி அதே மாதிரி. அங்கே இல்லாத வளைவுகளுக்கு அது பயந்து பயந்து இறங்கிக்கொண்டிருந்தது. பிரேக் விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை.

எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்கினால், காற்று கிடைக்காத சிலிண்டர் ஆயிலை உறிஞ்சும். ஆயில் போன வழி தெரிந்துவிட்டது. போன காரணம் தெரியவில்லை. பட்டறைக்குத் திரும்பிப் பூங்கோதை இறங்கியபோதும் எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் போனா பிரேக் பிடிக்குது. நீங்க போனா அதைத் தொடவே மாட்டேங்குது. இந்த நிழல் யாருதும்மா?"

"எங்க வீட்டுக்காரரு." பூங்கோதை வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு போனதும் கொழுந்தனார் வித்துட்டாரு. தேடிப் பிடிச்சு வாங்கினேன்."

"எப்படிப் போனாரு?"

"இந்த மலையிலதாங்க. இறங்கறப்ப பிரேக் போயிருச்சு. கியர்லயே ஒவ்வொரு வளைவா இறக்கினாரு. 'பயப்படாத கோதை, கீழ வந்தாச்சு, கீழ வந்தாச்சு'ன்னு சொல்லிக்கிட்டே. கடைசி வளைவு தாண்டி வண்டி நின்னுச்சு. பார்த்தா தலை ஸ்டீயரிங்ல சாஞ்சிருக்குது. நெஞ்சு நின்னுபோச்சுங்க. என்னை யாரோ தூக்கி இறக்கினாங்க."

பயணம் ஆளுக்கு ஆள் தனி. மனிதர்கள் ஓட்டிய காலத்திலிருந்தே ஏறியவர் குரலில்தான் அது முடியும். வண்டிக்குப் பூங்கோதை இன்னும் பிரேக் இல்லாமல் அந்த மலையில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறார்.

"இறங்கினத நீங்க சொல்லவே இல்ல."

"அன்னிக்கு மறந்துட்டேன்." முந்தானையால் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இப்ப மறக்கலைங்க" என்றார்.

"சொன்னா ஆயில் நின்னுரும்மா. நிழலும் அழியாது, பழையபடி ஓட்டும்."

"ஓட்டும். என்னைக் காப்பாத்திக்கிட்டிருக்காதில்ல?"

"வெள்ளிக்கிழமை நசுக்கிட்டா, அவரு மலையிலயே நின்னுருவாரும்மா" என்று மட்டும் சொன்னேன்.

பூங்கோதை கூரையில் ஒரு கையை வைத்தார். பிறகு கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இறங்கியாச்சுங்க. நல்லபடியா இறங்கிட்டேன்."

எஞ்சின் தணிந்தது. பிரேக் விளக்குகள் எரிந்தன. அழுத்திப் பிடித்த கால் எடுக்க மனமில்லாததுபோல, நடுப்பகல் வெயிலிலும் சிவப்பாக நின்று எரிந்தன. அணைந்ததும் ஓட்டுநர் பக்கக் கதவு தானாக ஒரு சாண் திறந்தது. அந்தப் பக்கம் நாங்கள் இருவரும் போகவில்லை.

தணிக்கையில் வண்டி தேறியது. அடுத்த மாதம் பூங்கோதை மறுபடி வந்தார். இறங்கி, தட்டி, "இறங்கியாச்சு" என்று எல்லோரையும்போலச் சொன்னார். நான் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, விட்டு, மறுபடி எடுத்தேன். மேல்கோட்டில் அப்படியே நின்றது ஆயில்.

"ஜோரு!" என்றான் சம்சுதீன்.

பூங்கோதை கம்பியை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொஞ்சம்கூடவா குறையலைங்கண்ணா?"