மூடி படியவில்லை

பரணிலிருந்து இறக்கித் துடைத்து மேசைமேல் வைத்த அந்தப் பழைய ஸ்கேனரின் மூடி சரியாகப் படியவில்லை. கண்ணாடியின்மேல் தாளுமில்லை, துரும்புமில்லை. ஆனாலும் ஒரு சின்னக் கையின் கனத்துக்கு மூடி தூக்கிக்கொண்டு நின்றது. மெஷின்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் பாதி அலுவலகங்களின் பிரிண்டருக்கும் நகல் மெஷினுக்கும் உயிர்ப்பிச்சை கொடுத்தவர் அவர். வயதானால் கீல் விறைக்கும், அவருடைய முழங்காலும் அப்படித்தான். விரலால் அழுத்தினார், இறங்கியது. விரலை எடுத்தார். அனுமதி கேட்டுக்கொண்டு எழுந்திருப்பதுபோல மெதுவாக மறுபடி எழுந்தது.

வெளியே மதியத்திலேயே இருட்டிக்கொண்டு மழை. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிவதன் நிழல் சுவரெல்லாம் ஊர்ந்தது. அடுத்த அறையில் மனைவி படுத்திருந்தாள். தூங்குகிறாளா என்று அவர் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் தூக்கம் என்பது இருவரும் ஒருவருக்காக ஒருவர் நடித்துக்காட்டுவது.

சுவரில் கைகள் மாட்டியிருந்தன. மகளுடைய வலது கை, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒன்றாக, இதே ஸ்கேனரில் எடுத்தது. மற்ற வீடுகளில் கதவோரம் நிற்க வைத்து உயரம் குறிப்பார்கள். மெஷின்காரர் வீட்டில் கண்ணாடிமேல் கை. கையைக் குறுக்கே வைத்து, மூடியை இலேசாகச் சாய்த்து, அவர் கட்டளை போடுவார்: வெளிச்சம் போய்த் திரும்புகிற வரைக்கும் அசையக் கூடாது, அப்பா "போதும்" என்று சொன்ன பிறகுதான் எடுக்க வேண்டும். சுண்டு அசையமாட்டாள். வீட்டில் அவளுக்குச் சுண்டு என்றுதான் பேர். சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை. அப்பேர்ப்பட்ட பிள்ளை அவருக்கு எப்படிப் பிறந்தது என்று மைத்துனன் கேலி செய்வான்.

வரிசையில் கடைசிக் கை பாதிதான். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். அப்புறம் வெறும் சாம்பல் நிறம். அன்றைக்கு வெளிச்சம் நடுவழியில் இருந்தபோது கரண்ட் போனது. "அப்படியே இரு, வந்துடறேன்" என்று ஃப்யூஸைப் பார்க்கப் போனார். போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தன் ஃப்யூஸையும் பார்க்கச் சொன்னார். திரும்பி வந்தால் இருட்டில் அதே இடத்தில் நிற்கிறாள், கை கண்ணாடிமேல், உடம்பு அனலாகக் கொதிக்கிறது. அம்மாக்காரி அள்ளிக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சுண்டு வலது கையை விரித்து மெத்தையில் அழுத்தியே வைத்திருந்தாள். ஊசி போட அந்தக் கையைத் தூக்க நர்ஸ் பட்ட பாடு. ஜன்னி என்றார் டாக்டர். பிள்ளை அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. எதற்கென்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் "போதும்" என்று சொல்லவில்லை. சொன்னால் கையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாளோ என்று பயம். சொல்லாமலே கிளம்பிவிட்டாள்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. போன வாரம் மனைவி திடீரென்று ஒன்று கேட்டாள்.

"ஏங்க, சுண்டுவோட சுண்டுவிரல் எந்தப் பக்கம் வளைஞ்சிருந்துச்சு? உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

அந்தக் கடைசி வருஷம்தான் அது ஊஞ்சல் சங்கிலியில் மாட்டி முறிந்து, எலும்பு கோணலாகச் சேர்ந்தது. சுவரில் உள்ள பழைய கைகளில் விரல் நேராக இருக்கிறது. கோணின விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் சாம்பல். மெஷின்காரர் வாயைத் திறந்தார். அவருக்கும் நினைவில்லை. மனைவி அழவில்லை. மறந்துவிட்டோம் என்று மட்டும் சொன்னாள், பால் பொங்கிவிட்டது என்று சொல்வதுபோல. மறுநாள் அவர் பரணில் ஏறினார். அந்தப் பாதி வேலை மெஷினுக்குள்ளேயே எங்காவது தங்கியிருக்கும் என்று ஒரு நப்பாசை.

புது ஸ்கேனர் என்றால் கம்ப்யூட்டரோடு உடனே ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட கிழங்களைப் பார்த்தால் யார் நீ என்று கேட்கும். இரண்டுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்ல டிரைவர் என்று ஒரு புரோகிராம் வேண்டும். அதைச் செய்தவர்களே அதை மறந்து வெகுகாலம் ஆகிறது. மைத்துனனிடம் போனில் கேட்டார். "அத்தான், அது செத்த பொணம், அதுக்குப் போய் மருந்து கேக்கறீங்களே" என்றான். சொன்னவன் சட்டென்று போனை வைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில், எங்கேயோ தேடிப் பிடித்த டிரைவரை அவனே அனுப்பிவைத்தான்.

மெஷின்காரர் அதை ஏற்றினார். மறுத்தது. செட்டிங் ஃபைலைத் திறந்து ஸ்கேனர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். தம்முடையது இருந்த வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டு அதை வாயடைத்து வைத்திருந்தார்கள். குறியை அழித்தார். சேமித்தார். ஸ்கேனரின் அடிவயிற்றில், விளக்கை அசையவிடாமல் பிடித்திருந்த பூட்டைத் தள்ளித் திறந்தார்.

உள்ளே ஏதோ தொண்டையைச் செருமிக்கொண்டது. சூடான தூசியின் வாசனை எழுந்தது, அதற்கடியில் இன்னொரு வாசனை, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் முகம் வைத்தால் வருமே, அது. மூக்கு பொய் சொல்கிறது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். விளக்கு முதலில் ஓரத்து வெள்ளைப் பட்டையின் கீழ் நின்று வெள்ளை எது என்று பார்த்துக்கொண்டது. எல்லா ஸ்கேனரும் செய்வதுதான். ஆனால் இவ்வளவு நேரம் எந்த ஸ்கேனரும் யோசித்ததில்லை.

திரையில் ஒரு கேள்வி வந்தது. முந்தைய வேலை பாதியில் நிற்கிறது. தொடரவா, கைவிடவா?

தொடர் என்பதை அமுக்கினார்.

வெளிச்சம் நடுவிலிருந்து புறப்பட்டது. திரையில் சாம்பல் நிறம் கோடு கோடாகக் கரைந்தது. மோதிரவிரல். அப்புறம் சுண்டுவிரல்.

உள்பக்கம். உள்பக்கம்தான் வளைந்திருந்தது.

மெஷின்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மெஷினுக்கு இவ்வளவு ஞாபகசக்தி கிடையாது என்று தெரிந்தவர்தான். ஆனாலும் அதைக் கேட்க அப்போது அவருக்கு மனமில்லை. மனைவியைக் கூப்பிட வேண்டும், கூப்பிடவில்லை. விரல் தானாக இன்னொரு முறை பட்டனுக்குப் போனது. இந்தத் தடவை முழுக்கை. அதே கோணல் விரல். ஆனால் சற்றுப் பெரிது.

சுவரைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கை சுவரில் இல்லை. இது அடுத்த வருஷத்துக் கை.

மறுபடி அமுக்கினார். அதற்கும் அடுத்தது. விரல்கள் நீண்டன. உள்ளங்கையில் ரேகை ஆழமாயிற்று. மறுபடி. ஒரு தகப்பன் பார்த்திருக்க வேண்டியதையெல்லாம் பார்த்தார்: எழுதி எழுதிக் காய்த்த நடுவிரல், கடித்த நகம், எதிலோ சுட்டுக்கொண்ட தழும்பு. அவள் எங்கோ வளர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். நின்ற இடத்திலேயே. அசையாமல்.

அப்புறம்தான் மூடியைக் கவனித்தார். ஒவ்வொரு தடவைக்கும் அது உயர்ந்திருந்தது. இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. கண்ணாடிமேல் ஒன்றுமில்லை. கை கீழே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம், உள்ளிருந்து மேல்நோக்கி அழுத்திக்கொண்டு, அழுத்தின அழுத்தில் வெளுத்துப்போய்.

சதை முழுக்க வெளுத்திருந்தது.

எத்தனை வருஷத்து அழுத்தம்.

"அவதானே?"

மனைவி பின்னால் நின்றிருந்தாள். எப்போது வந்தாளென்று தெரியாது. அவள் முகத்தில் பயம் என்பதே இல்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கப் போகிறேன் என்று முணுமுணுத்தார். அன்றைக்கும் கரண்ட் இல்லாமல்தானே நின்றாள் என்றாள் அவள். நியாயமான பேச்சு.

பிடுங்கினார். கம்ப்யூட்டர் திரை அணைந்தது. ஸ்கேனரின் வெளிச்சம் அணையவில்லை.

மனைவி மூடியின் இடுக்கில் கையை நுழைத்தாள். கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்தாள். மேலே அவள் கை, கீழே மகள் கை. வளையல் ஒருமுறை சிணுங்கி ஓய்ந்தது.

"குளிர்ந்து கெடக்குங்க," என்றாள். அப்புறம், மெதுவாக, "என் கையைப் பிடிச்சுக்கிட்டா."

கண்ணாடி எங்கே போயிற்று என்று அவர் கேட்கவில்லை.

"விட்டுட்டு வா."

"அவ கை நடுங்குது. கால் வலிக்குமில்ல பிள்ளைக்கு. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. சொன்னா போயிடுவா."

ஆஸ்பத்திரியில் அவர் நினைத்த அதே நினைப்பு. அதனால்தான் பிள்ளை இத்தனை காலமாக நிற்கிறாள். ஒரு சொல்லுக்காக. அந்தச் சொல்லை அவர் பல்லுக்குப் பின்னால் பூட்டி வைத்திருந்தார். நடுங்கிக்கொண்டிருப்பது அந்தக் கை மட்டுமில்லை, மேசையும் நடுங்குகிறது, தரையும். பயமா பாசமா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. குனிந்தார். இடுக்கின் அருகே வாயை வைத்தார்.

"போதும்டா கண்ணு. போதும். கையை எடுத்துடு."

சுண்டு சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை.

உடனே எடுத்துவிட்டாள். ஆனால் அம்மாவின் கையை விட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மணிக்கட்டு. முழங்கை. மனைவி கத்தவில்லை. கூட்டத்தில் குழந்தை கையைப் பிடித்து இழுத்தால் தாய்க்காரி தடுமாறிக்கொண்டு பின்னாலேயே போவாளே, அப்படி முன்னால் சாய்ந்தாள். தோள். அவர் புடவையைப் பற்றினார். ஈரத்துணி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு தாள் அகலமுள்ள கண்ணாடி. அவ்வளவுதான் அது.

வளையல் ஒன்று மட்டும் மூடியின் விளிம்பில் தட்டிக் கீழே உருண்டது.

மூடி இறங்கியது. இத்தனை நேரம் அடம்பிடித்த மூடி, ஒரு இழை இடுக்கில்லாமல், கச்சிதமாகப் படிந்தது. மழைச் சத்தம் மறுபடி கேட்டது. மேசைக்கடியில் மனைவியின் வீட்டுச் செருப்பு ஜோடியாக இருந்தது.

வெகுநேரம் கழித்து அவர் மூடியைத் திறந்தார். சுத்தமான கண்ணாடி. அடிப்பக்கத்தில் இரண்டு உள்ளங்கைகளின் ஆவி, ஒன்று பக்கத்தில் ஒன்று, ஓரத்திலிருந்து மறைந்துகொண்டிருந்தது. கட்டைவிரல்கள் போயின. ஒரு கோணல் சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை இருந்தது.

அது மறையுமுன் தம்முடைய கையைக் குறுக்கே வைத்தார். மூடியை இலேசாகச் சாய்த்துக்கொண்டார். யாரும் பிடிக்கவில்லை. வெளிச்சம் மட்டும் புறப்பட்டு விரல் விரலாகப் போயிற்று, திரும்பிற்று, மறுபடி புறப்பட்டது. அவர் அசையவில்லை. அசையக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ஜன்னலில் வெளிச்சம் குறைந்து, சுவரில் கைகள் ஒவ்வொன்றாக இருட்டில் மூழ்கின. கண்ணாடி சில்லிட்டது. விரல்கள் மரத்தன. அவர் கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். போதும் என்று சொல்ல அந்த வீட்டில் யாருமில்லை.