தூணுக்குள் ஒரு கை

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் செலோர்ம் அக்பெகோ அப்போதுதான் சோளமாவுக் கென்கே உருண்டையைப் பிட்டு, மிளகாய்ச் சாந்தில் தோய்த்து, வாய்வரை கொண்டுபோயிருந்தார்.

"ஐயா... கடற்கரை ஹோட்டல் கட்டுற இடத்துலேர்ந்து வாட்ச்மேன் பேசறேன். தூணுக்குள்ளேர்ந்து ஒரு கை நீட்டிக்கிட்டிருக்கு..."

"யாரோட கை?"

"அது தெரிஞ்சா உங்களுக்கு ஏன் ஐயா போன் பண்றேன்?"

பொரித்த மீன் தட்டிலேயே கிடந்தது. ஜீப் தக்கோராடி மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு பறந்தது!

மூன்றாவது மாடி.

நேற்றுப் பலகை பிரித்த புதுத் தூண். அதில் தோள் உயரத்தில் ஐந்து விரல்கள்! சிமென்ட் அப்பிக்கொண்டு, யாரோடோ கைகுலுக்கக் காத்திருப்பதுபோல நீண்டிருந்தன.

கொத்தனார் பாவா மூட்டைமேல் உட்கார்ந்து உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தான். காலையில் சட்டையைக் கழற்றியவன், ஏதோ ஆணி என்று நினைத்து அதில் மாட்டிவிட்டானாம். மாட்டிய பிறகுதான் ஆணிக்கு நகம் இருப்பதைப் பார்த்தானாம்!

செலோர்ம் விரலைத் தொடப்போனார்.

"தொடாதீங்க இன்ஸ்பெக்டர். தடயம் அழிஞ்சிடும்."

திரும்பினார். வெள்ளை ஹெல்மெட். அறுபதை நெருங்கும் நெட்டையான பெண்மணி.

தலைமை எஞ்சினியர் அரபா குவான்சா.

துறைமுகத்துத் தானியக் கிடங்கு, எட்டு மாடி ஆஸ்பத்திரி, தலைநகர் அக்ராவில் இரண்டு வங்கிக் கோபுரங்கள்... வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் எழுப்பிய எதிலும் இதுவரை ஒரு விரிசல்கூடக் கிடையாது. அடுத்த மாதம் ஓய்வு.

இந்தத் தூண்களை வார்த்தபோது அவர் ஊரிலேயே இல்லை. முதலாளி எபோ தாண்டோ அவரை ஏதோ கூட்டத்துக்கென்று அக்ராவுக்கு அனுப்பிவிட்டு, வெளியூர் ஆட்களை வைத்து வேலையை முடித்திருந்தார்.

தாண்டோ மூச்சிரைக்க மாடியேறி வந்தார். கழுத்தெல்லாம் வியர்வை. எவனோ விளையாடியிருக்கிறான், சுரண்டி எடுத்துவிட்டு வேலையைப் பார்ப்போம் என்றார். கீழே கான்கிரீட் லாரிகள் உறுமிக்கொண்டு நின்றன. இன்று மேல்தளம் போட்டாக வேண்டும்.

செலோர்ம் ஆட்களை வரிசையில் நிற்கவைத்துக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருத்தரும் குறையவில்லை. பெயர் சொல்லுமுன் ஒவ்வொருவரும் தம் இரண்டு கைகளையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார்கள்!

"அப்ப அந்த வெளியூர் ஆளுங்கள்ல ஒருத்தனா?" செலோர்ம் தாண்டோவை முறைத்தார். "உள்ள யாரு சார்?"

"ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியாது. தூணை மட்டும் உடைக்காதீங்க."

"ஏன்?"

தாண்டோ தூணை மறைத்துக்கொண்டு போய் நின்றார்.

அரபா தொண்டையைக் கனைத்தார். "என் வரைபடப்படி இந்தத் தூண்ல நெருக்கமா பதினாறு கம்பி இருக்கணும் இன்ஸ்பெக்டர். ஒரு கோழிகூட உள்ள நுழைய முடியாது. ஆள் இருந்தா கம்பி இல்ல. கம்பி இருந்தா ஆள் இல்ல."

"அதனால?"

"ரெண்டுல ஒண்ணு காணாமப் போயிருக்கு. எதுன்னு பாத்துடலாமே?"

சம்மட்டி விழுந்தது.

ஒரு அடி... இரண்டு அடி...

கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. ஒரே புழுதி! எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

பிணம் இல்லை.

கம்பியும் இல்லை!

மூலைக்கு ஒன்றாக நான்கே நான்கு சோனிக் கம்பிகள், பட்டினி கிடந்தவன் விலா எலும்புபோல. பக்கத்துத் தூண்களையும் கொத்திப் பார்த்தார்கள். அத்தனையும் அதே லட்சணம். இவற்றின்மேல்தான் இன்னும் ஒன்பது மாடி எழும்ப இருந்தது. அத்தனை அறையிலும் ஆட்கள் படுத்துறங்க இருந்தார்கள்.

செலோர்ம் தாண்டோ பக்கம் திரும்பினார்.

தாண்டோ படிக்கட்டை நோக்கி ஓடினார். பாதியில் கான்ஸ்டபிள் மடக்கினான்.

"கம்பியெல்லாம் எங்க?"

"வீட்ல..." தாண்டோ தலை குனிந்தார். "ஊர்ல ஒரு மாளிகை கட்டறேன்."

"அப்ப அதாவது நல்லா நிக்கும்," என்றார் அரபா.

ஜீப் தாண்டோவை ஏற்றிக்கொண்டு போனது. லாரிகள் திரும்பிப் போயின. செலோர்ம் குனிந்து, இடிபாட்டில் கிடந்த கையை எடுத்தார்.

காற்றுபோல லேசாக இருந்தது. சிமென்டைச் சுரண்டினார்.

பிளாஸ்டிக்!

மாலையில் அதே கையோடு அரபாவின் அறைக் கதவைத் தட்டினார். அரபா டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மார்க்கெட்ல துணிக்கடைங்களுக்குப் போயிட்டு வர்றேன் மேடம். ஒரு கடைப் பொம்மைக்குக் கை இல்ல. வெள்ளை ஹெல்மெட் போட்ட நெட்டையான அம்மா ஒருத்தங்க, பொம்மை வேணாம், கை மட்டும் போதும்னு பேரம் பேசினாங்களாம்."

"அப்படியா? சர்க்கரை எவ்வளவு?"

"நேத்து சாயங்காலம் தூணைக் கொத்தி, இதைச் செருகிப் பூசினது நீங்கதான். போலீசுக்குப் பொய்ப் புகார் கொடுக்கறது குற்றம் மேடம்."

"புகார் நான் கொடுக்கலையே? சட்டை மாட்டினது பாவா. போன் பண்ணினது வாட்ச்மேன்."

செலோர்ம் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"நேரா வந்து கம்பி இல்லன்னு சொல்லியிருக்கலாமே?"

"அக்ராலேர்ந்து திரும்பினதுமே கம்பிக் கணக்கு இடிச்சுது. மூணு ஆபீசுக்கு எழுதிட்டேன் இன்ஸ்பெக்டர். ஒரு ஈ காக்கா வரல." அரபா டீயை நீட்டினார். "கையெழுத்துப் போட்டப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கல. எழுத்தை விட்டுட்டு கையை மட்டும் போட்டேன்... ஜீப்ல பறந்து வந்தீங்க!"